பொட்டலத்தின் மேல் என்ன எழுதுகிறோம்?

(கூட்டமைப்பின் விற்பனைப் பயிற்சி முகாமில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



காலையில் விலை வைப்பது எப்படி என்று பார்த்தோம். சரக்கு வாங்கிய செலவு, நம்ம கூலி, கரண்ட், பஸ் சார்ஜ் எல்லாம் கூட்டி, அதற்கு மேல்தான் லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'விளம்பரம்'. விளம்பரம் என்றதும் டி.வி., பேப்பர் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் ஒட்டுகிற லேபிள், ஸ்டாலில் கட்டுகிற பேனர், சந்தையில் கொடுக்கிற நோட்டீஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிற படம், எல்லாமே விளம்பரம்தான். அதில் யாரைப் பற்றி என்ன வார்த்தை போடுகிறோம் என்பதைத்தான் பேசப்போகிறேன். முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். சமூகப்பணி படித்து முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. ஒரு கண்காட்சியில் நமக்கு ஸ்டால் கிடைத்தது. நம் குழு ஒன்றில் ஊறுகாய் போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். நார்த்தங்காயை அவர் கை வைத்தால் வருடம் முழுக்க வைத்தாலும் பூஞ்சை பிடிக்காது. அந்த ஸ்டாலுக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர் அடித்தோம். வாசகம் நான்தான் எழுதினேன். "ஆதரவற்ற விதவைகள், கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் தயாரித்த பொருட்கள். வாங்கி வாழ்வளியுங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் அந்த அக்காவின் போட்டோவையும் வைத்தேன். குழுக் கூட்டத்தில் எப்போதோ எடுத்த போட்டோ. அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் நல்ல விற்பனை. இரண்டாம் நாள் அந்த அக்கா சரக்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். பேனரைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் வரை பேனருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாட்டில் எடுத்துக் கொடுத்தார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை. சந்தா மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வந்துவிடும்.

வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்தார். எப்போதும் என்னை 'பாப்பா' என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு 'மேடம்' என்றார். அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. பிறகு சொன்னார்: "ஒம்பது வருஷமா ஊறுகா போடுறேன் மேடம். என் கைப்பக்குவத்தப் பத்தி அந்த போர்டுல ஒரு வரி இல்ல. எம் புருஷன் போனதத்தான் எழுதிருக்கீங்க. அதுக்கா சனங்க காசு குடுத்தாங்க? ஆதரவத்தவன்னு எழுதிட்டீங்க, எம் மக பிளஸ் டூ படிக்கிறா, அவ எனக்கு ஆதரவு இல்லையா? நீங்க எல்லாம் இல்லையா?" அந்தப் பெண்ணின் வகுப்பில் படிக்கும் யாரோ கண்காட்சிக்கு வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "அந்த போர்டு இப்ப எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆபீஸ் பரணில் சுருட்டிக் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்து கீழே போகும்படி மொட்டை மாடியில் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நார்த்தங்காய் காயப்போட்டார். ரொம்ப நாள் அது அவர் மாடியில்தான் கிடந்தது.

இதில் மனசு நோகிற விஷயம் ஒரு பக்கம். வியாபாரத்தையும் பாருங்கள். கண்காட்சி முடிந்து மூன்று மாதத்தில் அந்த முதல் நாள் கூட்டத்திலிருந்து திரும்ப வாங்கியவர் யாரும் இல்லை. பாவம் பார்த்து வாங்குகிறவர் ஒரு பாட்டில் வாங்குவார், தர்மம் செய்த திருப்தியோடு போய்விடுவார். வீட்டில் திறந்து பார்த்தாரோ இல்லையோ. ருசிக்கு வாங்குகிறவர்தான் பாட்டில் காலியானதும் போன் பண்ணுவார். அப்புறம் அந்த அக்காவே சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிய லேபிளில் இருப்பது இவ்வளவுதான்: நார்த்தங்காய், கல் உப்பு, நல்ல வெயிலில் பல நாள் காய்ந்தது, நல்லெண்ணெய், வேறு எதுவும் சேர்க்கவில்லை, குழுவின் பெயர், போன் நம்பர். இன்று அந்த நம்பருக்கு மதுரையிலிருந்து போன் வருகிறது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் என்று அரசாங்கமே எழுதுகிறதே, நாம் எழுதினால் என்ன? ஓய்வூதியத்துக்கு மனுப் போடும்போது அந்தச் சான்று வேண்டும், அது அந்த அலுவலகத்துக்கு. ஊறுகாய் வாங்குகிறவருக்கு அந்தச் சான்று எதற்கு? வார்த்தையைப் பொறுத்தவரை, 'விதவை' என்ற எழுத்தில் ஒரு புள்ளி கூட இல்லை, 'கைம்பெண்' என்று எழுதினால் இரண்டு பொட்டு இருக்கிறது என்று மேடையில் பேசக் கேட்டிருப்பீர்கள். அழகான பேச்சுத்தான். 2022-ல் தமிழ்நாட்டில் அமைத்த நல வாரியத்துக்கும் கைம்பெண்கள் என்றுதான் பெயர் வைத்தார்கள். ஆனால் நம் பேனரில் நான் 'கைம்பெண்' என்று எழுதியிருந்தாலும் அந்த அக்கா முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது குளியல் பொடி. நம் கூட்டமைப்பில் மூன்று குழுக்கள் நலங்கு மாவு அரைக்கின்றன. மூன்று லேபிளையும் மேசையில் வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ஒன்றில் "கருமை நீங்கி ஏழே நாளில் சிவப்பழகு" என்று இருக்கிறது. இன்னொன்றில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம், இன்டர்நெட்டிலிருந்து எடுத்தது. பொடி அரைக்கிற நாம் எப்படி இருக்கிறோம்? என்னையே பாருங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் கருப்புத்தான். நம்ம நிறத்தை ஒரு நோய் மாதிரி எழுதி, அது நீங்கும் என்று நம்ம கையாலேயே ஒட்டி விற்கிறோம்.

இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று உங்களுக்கே தெரியும். ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 1975-ல் வந்தது. கருப்பாக இருக்கும் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, கல்யாணம் நடக்காது, கிரீம் பூசியதும் எல்லாம் நடக்கும் என்கிற மாதிரி விளம்பரங்களைப் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். பல பேர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். விளம்பரத் துறையினரே 1985-ல் அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் என்ற அமைப்பு, 2014-ல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. கருத்த நிறம் உள்ளவர்களை அழகில்லாதவர்களாக, கவலைப்படுகிறவர்களாக, வேலையிலோ கல்யாணத்திலோ பின்தங்கியவர்களாகக் காட்டக் கூடாது என்று சொன்னது. 2020-ல் அந்தக் கம்பெனியே 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றியது. 45 வருடம் ஆகியிருக்கிறது. அவ்வளவு பெரிய கம்பெனி கைவிட்ட வார்த்தையை நம்ம பத்து ரூபாய் பாக்கெட்டில் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

"சிவப்பழகுன்னு போட்டாத்தான் வாங்குறாங்க" என்று போன மாதம் ஒரு பிரதிநிதி சொன்னார். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாங்குவார்கள். ஏழு நாள் கழித்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? பொடி சரியில்லை என்று நினைத்தால் நமக்கு வியாபாரம் போச்சு. தன் உடம்பே சரியில்லை என்று நினைத்தால் அது இன்னும் மோசம். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா இதழ் என்று இவ்வளவு நல்ல சாமான் போடுகிறோம். வியர்வை நாற்றம் போகும், எண்ணெய்ப் பிசுக்குப் போகும், வாசனையாக இருக்கும். உண்மையான இந்த மூன்றையும் எழுதினாலே லேபிள் நிறைந்துவிடும். படம் வேண்டுமென்றால் ஆவாரம்பூவைப் போடுங்கள். நம்ம கரட்டில் பூத்துக் கிடக்கிறது, காசு கொடுக்க வேண்டாம்.

பேப்பரில் எழுதுவதைப் பற்றி ரொம்ப நேரம் பேச வேண்டியதில்லை, நீங்களே படித்துப் படித்துத் திட்டுகிறீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நம் தமிழில் வார்த்தையின் வாலிலேயே மரியாதை இருக்கிறது. அதிகாரி 'வந்தார்', கூலி வேலைக்குப் போன பெண் 'வந்தாள்'. தப்புச் செய்த ஆண் 'வாலிபர்', பெண் மாட்டினால் 'அழகி'. அடிபட்டது அவள், அவள் அழகியா இல்லையா என்பது செய்தியா? சுப்ரீம் கோர்ட் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும் ஒரு கையேடே போட்டது. பெண்களைப் பற்றித் தீர்ப்பில் எந்த வார்த்தையை எழுதக் கூடாது, அதற்குப் பதில் என்ன எழுதலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு படித்தவர்களுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று முன்பு தண்டனைச் சட்டத்தில் 228-ஏ பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டத்தில் அதுவே 72-வது பிரிவு. பெயரை மட்டும் மறைத்துவிட்டு ஊர், தெரு, அப்பா பெயர் எல்லாம் போட்டால் மறைத்ததாக ஆகாது. குழு வாட்ஸ்அப்பில் அப்படிப்பட்ட செய்தியும் போட்டோவும் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். நம் கைக்கும் அந்தச் சட்டம் உண்டு.

இப்போது கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். வார்த்தைகளை அரசாங்கமும் மாற்றிக்கொண்டு வருகிறது. ஊனமுற்றோர் என்பதை 2010-ல் மாற்றுத்திறனாளி என்றார்கள். திருநங்கை என்ற சொல் வந்தது, திருநங்கைகளுக்கு 2008-ல் நல வாரியமும் வந்தது. துப்புரவுப் பணியாளர் 2020-ல் தூய்மைப் பணியாளர் ஆனார். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகச் சட்டசபையில் அறிவித்தார்கள். மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சட்டமே கடுமை. 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 92-வது பிரிவுப்படி, பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை ஜெயில். நொண்டி, செவிடு என்று சினிமாக் காமெடியில் சிரித்துப் பழகி, அதையே கூட்டத்திலும் சொல்கிறவர்கள் நம்மிடம் உண்டு.

பெயரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். தூய்மைப் பணி செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "பேர நல்லா மாத்திட்டாங்க மேடம், கையுறை இன்னும் வரல." அவருக்கு என்னிடம் பதில் இல்லை. கையுறை வேண்டும், கூலி வேண்டும், பெயர் அதற்கு ஈடாகாது. ஆனாலும் மகளிர் உரிமைத் தொகை விஷயத்தை நினைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்கவில்லை, 'உரிமைத் தொகை' என்றார்கள். மனு தள்ளுபடியானபோது உங்களில் எத்தனை பேர் தாலுகா ஆபீசுக்குப் போய், "எங்க உரிமை ஏன் வரல?" என்று கேட்டீர்கள்! உதவி என்று இருந்திருந்தால் அந்த வாய் வந்திருக்குமா என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

காலனி என்ற வார்த்தைக்கு வருகிறேன். நம் முறுக்குக் குழு உறுப்பினர் ஒருவர் சந்தையில் நடந்ததைக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு அம்மா பாக்கெட்டைக் கையில் எடுத்து, "இது எந்தத் தெருவுல சுட்டது?" என்று கேட்டாராம். இவர் சாமர்த்தியமாக, "கூட்டமைப்புல சுட்டதும்மா" என்று சொல்லி விற்றுவிட்டார். எல்லோரும் சிரித்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு தங்கை கேட்டாள், மன்னிக்கவும், கேட்டார்: "அப்ப எங்க தெருன்னு சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டாங்கல்ல அக்கா?" அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அந்த முறுக்கைச் சுட்டவர்களில் அவரும் ஒருவர்.

அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை நம்மில் ஒத்த கருத்து இல்லை. தெருவைச் சொல்லியே விற்க வேண்டும், வாங்காதவர் வாங்காமல் போகட்டும் என்கிறார்கள் சிலர். சரக்கு தேங்கினால் கடன் தவணையை யார் கட்டுவது என்கிறார்கள் சிலர். இரண்டு பக்கத்திலும் அந்தத் தெருக்காரர்களே இருக்கிறார்கள். அதை நான் தீர்த்து வைக்க முடியாது. ஆனால் அன்று இரவு நம் கூட்டமைப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஊர்க் குழு - 1, ஊர்க் குழு - 2, காலனிக் குழு' என்று நாமே எழுதி வைத்திருந்தோம். கேட்ட அந்த அம்மாவும் நாமும் ஒரே புத்தகத்தில்தான் இருந்தோம். செயற்குழுவில் வைத்து, எல்லாக் குழுவையும் அதனதன் பெயரில் மட்டும் எழுதுவது என்று தீர்மானம் போட்டோம். அறிவிப்புப் பலகையிலும் மாற்றியாகிவிட்டது. வாயில் இன்னும் மாறவில்லை, போன வாரம் கூட ஒருவர் பழையபடி சொன்னதைக் கேட்டேன்.

நல்ல வார்த்தை போட்டுவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து நூற்பாலைகளுக்கு ஆள் பிடிக்க 2000-க்குப் பிறகு நம் ஊர்களில் ஒட்டிய நோட்டீஸ் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்று மங்களகரமான பெயர். மூன்று வருடம் மில்லில் தங்கி வேலை செய்தால் முடிவில் 30,000, 40,000, 50,000 என்று மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று போட்டிருக்கும். கேட்டுக்குள் அடைத்து வைத்து வேலை வாங்கியது, உடம்பு முடியாமல் பாதியில் வந்த பிள்ளைகளுக்கு மொத்தப் பணம் கைக்கு வராமல் போனது எல்லாம் அந்த நோட்டீஸில் இல்லை. 'சம்பளம்' என்று எழுதியிருந்தால் மாதம் எவ்வளவு என்று கேட்டிருப்போம். 'சுமங்கலி' என்று எழுதியதால் கேட்கவில்லை. இனிமேல் எந்த நோட்டீஸ் வந்தாலும், மைக்ரோ பைனான்ஸ் நோட்டீஸாக இருந்தாலும் சரி, வார்த்தை ரொம்ப இனிப்பாக இருந்தால் எண்ணைத் தேடிப் பாருங்கள். எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், எத்தனை சதவீதம் வட்டி.

சரி, நம் வேலைக்கு வருவோம். செயற்குழுவில் பேசி ஒன்றை முடிவு செய்திருக்கிறோம். இனி எந்த லேபிளோ பேனரோ அச்சுக்குப் போகும் முன் குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்க வேண்டும். யாரைப் பற்றி எழுதியிருக்கிறோமோ அவர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். அவர் போட்டோவாக இருந்தால், அவர் சம்மதித்தார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. போட்டோ எடுத்து ஆறு மாதம் கழித்து வேண்டாம் என்றாலும் எடுத்துவிட வேண்டும். அச்சடித்தது வீணாகுமே என்று பொருளாளர் கேட்டார், நியாயமான கேள்வி. அதனால் முதலில் ஐம்பது லேபிள் மட்டும் அடித்துப் பார்ப்போம் என்று முடிவாகியிருக்கிறது.

இப்போது நீங்கள் கொண்டுவந்திருக்கும் லேபிளை எடுத்து, உங்கள் குழுவில் இல்லாத ஒருவர் கையில் கொடுங்கள். படிக்கத் தெரிந்தவர் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கேட்கிறவர் முகம் சுளித்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். குளியல் பொடிக் குழுக்காரர்கள் மூன்று பேரும் என் மேசைக்கு வாருங்கள், ஊறுகாய் அக்காவும் வந்திருக்கிறார், புது லேபிள் எழுத அவர்தான் கூட உட்காரப்போகிறார். டீ வந்துவிட்டது, குடித்துக்கொண்டே ஆரம்பிக்கலாம்.